வீட்டிலிருந்து இரண்டு பேர்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு, கட்டில் 11
மார்ச் 4

மைத்துனருக்கு,

ஏழு வருஷம் கழித்து உன் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்கவும்.

பிப்ரவரி 20ஆம் தேதி எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் பெட்டியில் கட்டி. பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இனி மூக்கிலோ வாயிலோ எனக்கு மூச்சு கிடையாது. கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பொத்தான் வரும் இடத்தில், ஒரு துளை போட்டிருக்கிறார்கள். அதில் விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு குழாய். மூச்சு, இருமல், சளி எல்லாம் அந்த வழிதான். பேச்சு போய்விட்டது. முதலில் கண்டக்டராக, பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டராக, முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கத்தின தொண்டை இது. போனில் பேச முடியாது என்பதால்தான் கடிதம்.

குழாயைத் தினம் இரண்டு மூன்று தடவை கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். துளையைச் சுற்றித் துடைக்க வேண்டும். சளி காய்ந்து அடைத்துக்கொண்டால் நாலு நிமிஷத்தில் ஆள் காலி. வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, தன் கண் முன்னால் மூன்று தடவை செய்து காட்டினால்தான் என்னை அனுப்புவேன் என்கிறார் வார்டு சிஸ்டர். "ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா இன்னொருத்தர் வேணும்ல?" என்று கேட்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று எழுதுபலகையில் எழுதிக் காட்டினேன். "சொந்தம்னு சொல்லிக்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்றார்.

உன் அக்காவுக்கு இது சரிப்பட்டு வராது. குழாயைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. நீ லிஃப்ட் மெக்கானிக். நுணுக்கமான சாமான்களைக் கழற்றி மாட்டிப் பழகின கை. பத்து நாள் லீவு போட்டு வந்து கற்றுக்கொண்டால் நான் வீட்டுக்குப் போகலாம். மற்றதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

பழைய விஷயத்தை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரர்

*

மார்ச் 9

அத்தானுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

ஆபரேஷன் விஷயத்தை அக்கா அன்றைக்கே போனில் சொன்னாள். நானாக ஒரு வரி விசாரித்து எழுதாதது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய விஷயத்தை நான் இழுக்கவில்லை. அது தானாக வந்து முன்னால் நிற்கிறது. விடிய விடிய வேலை பார்த்த களைப்போடு உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் தூங்கிப்போய், உங்கள் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். அங்கே ஏறினது நீங்கள். நாற்பது பேர் முன்னால், "டிக்கெட் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே முடிஞ்சிடுச்சு, எந்திரி" என்றீர்கள். "தூங்கிட்டேன் அத்தான்" என்றேன். "அத்தான் பொத்தானெல்லாம் வீட்டோட" என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. அபராதம் போட்டதுகூடப் பரவாயில்லை. சீட்டில் எழுதுவதற்கு என் பெயரைக் கேட்டீர்களே, அதுதான். பதினெட்டு வருஷமாக உங்கள் வீட்டில் சாப்பிட்டவனைப் பார்த்து, "பேர் என்ன?" என்று கேட்டீர்கள்.

இங்கே புதுக் கட்டடம் ஒன்றில் ஆறு லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறோம். லீவு கிடைக்காது. உண்மையைச் சொன்னால், கேட்டுப் பார்க்கவில்லை.

அக்காவின் கை நடுங்குகிறது என்கிறீர்கள். நடுங்குகிற கை வேலை செய்யாது என்று யார் சொன்னது? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் எனக்குக் கால் தந்தி அடிக்கும். அடித்துக்கொண்டேதான் இறங்கினேன். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 13, வார்டு

மைத்துனருக்கு,

உன் கடிதத்தில் ஒரு தகவல் பிழை. அன்று பஸ்ஸில் இருந்தது நாற்பது பேர் இல்லை. முப்பத்திரண்டு பேர். அறிக்கையில் எழுதியது நான்தான்.

அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறாய். அவள் இங்கே என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று கேள். வந்த முதல் நாளே சிஸ்டரிடம் போய், "வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் தலையாட்டுவார், நம்பாதீங்க. காலைப் பாருங்க. பெருவிரல் மடங்கியிருந்தா வலின்னு அர்த்தம்" என்று சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து எந்த நர்ஸும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. போர்வையைத் தூக்கிக் காலைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஊசி போடுகிறார்கள். மற்றவர்களைச் சோதனை போட்டே காலம் தள்ளினவனுக்கு வந்த கதி இது. (ஊசிக்குப் பிறகு வலி குறைகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.)

நேற்று சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, குழாயைக் கழற்றும்படி அவளிடம் சொன்னார். நாடாவை அவிழ்த்தாள். குழாயை எடுத்தாள். நான் இருமிவிட்டேன். சளி அவள் புறங்கையில் தெறித்தது. குழாய் நழுவித் தட்டுக்கு வெளியே தரையில் விழுந்தது. 'போதும். வெளியே போ' என்று பலகையில் எழுதிக் காட்டினேன். போய்விட்டாள்.

சிஸ்டர் வேறு குழாயை எடுத்து மாட்டினார். பிறகு பலகையை என் கையிலிருந்து வாங்கி, அழித்து, எனக்கு எட்டாதபடி கால்மாட்டில் வைத்தார். "இது பேசறதுக்குக் குடுத்தது. ஆளை விரட்டறதுக்கு இல்ல" என்றார். அடுத்த கட்டிலைப் பார்த்து முடித்துவிட்டு வந்துதான் திருப்பிக் கொடுத்தார். கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

நீ வருவதாக இருந்தால் தேதியை எழுது.

*

மார்ச் 18

அத்தான்,

அவளை வெளியே போ என்றா எழுதினீர்கள்?

அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீங்கள் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் இறந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால். அவளுக்கு இருபத்து நாலு, எனக்குப் பன்னிரண்டு. வயிற்றில் ஆபரேஷன். அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அந்த வார்டில் கட்டிலை வலது பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் எல்லோரும் இடது பக்கம் நின்றுதான் பேசினார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். புத்தி தடுமாறிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். மருந்து ஏற்றும் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள்.

வெளியாட்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் உள்ளே போகலாம். மற்ற நேரமெல்லாம் நானும் அக்காவும் வராந்தாவில் நின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் வருகிறவர்களிடம், "அவருக்கு இடது காது கேக்காதுங்க, வலது காதுகிட்ட குனிஞ்சு பேசுங்க" என்று சொன்னாள். ஒருத்தரும் நிற்கவில்லை. ஒரு நர்ஸம்மா, "வெளியே போய் நில்லும்மா, வழியில நிக்காத" என்றார். நாங்கள் நின்றதே வெளியேதான்.

காது கேட்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. கட்டி முற்றிப்போயிருந்தது. ஆனால் கடைசி மூன்று நாளும் அவரைப் பைத்தியம் மாதிரி நடத்தினார்கள். ஏன் கட்டினார்கள் என்று தெரியாமலே அவர் போய்விட்டார்.

நான் வராததற்கு பஸ்ஸில் நடந்தது மட்டும் காரணமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் கால் வைக்க முடிவதில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டை ரிப்பேர் பார்க்கக்கூட வேறு ஆளை அனுப்பிவிடுவேன். அக்கா அப்படியில்லை. முதல் நாளே போய் உங்கள் கால் விரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்த சிஸ்டரும் நின்று கேட்டு, எழுதியும் ஒட்டியிருக்கிறார். அதைப் போய் என்னிடம் குறையாக எழுதுகிறீர்கள்.

*

மார்ச் 25, வார்டு

மாப்பிள்ளை,

உன் கடிதம் 21ஆம் தேதி கிடைத்தது. அன்று நடந்ததைத் தகவலுக்காக எழுதுகிறேன்.

'உன் தம்பி அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறான்' என்று எழுதி அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இவன் எதுக்கு இதையெல்லாம் இப்போ..." என்று ஜன்னல் பக்கம் போனாள். 'இருபத்தைந்து வருஷமாக ஏன் என்னிடம் சொல்லவில்லை?' என்று எழுதினேன். அவள் திரும்பிப் பார்க்கும் வரை பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது. "நீங்க கேக்கல" என்றாள்.

பத்து மணிக்கு சிஸ்டர் தட்டோடு வந்தார். இவள் வழக்கம்போல் வெளியே கிளம்பினாள். 'இரு' என்று எழுதினேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தட்டை அவள் கையில் கொடுத்தார். கை நடுங்கத்தான் செய்தது. குழாய் உள்ளே போகும்போதும் நடுங்கியது. ஆனால் சரியாகப் போனது. வளைவைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, நான் மூச்சை உள்ளே இழுக்கிற நேரம் பார்த்து நுழைத்தாள். "இது நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே!" என்றார் சிஸ்டர். "மூச்சு வாங்கும்போது தோள் ஏறுது, அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

மூன்று தடவையும் செய்து காட்டிவிட்டாள். மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். வாயால் குடிக்கிறேன்.

இரண்டாவது ஆள் யார் என்று சிஸ்டர் கேட்டார். 'மைத்துனன் வருகிறான், வீட்டில் கற்றுக்கொள்வான்' என்று எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் பொய் அறிக்கை. நாளை வீட்டுக்குப் போகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

*

ஏப்ரல் 2

பொய் அறிக்கை கொடுத்த இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

சிரித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் இன்னும் வருவதாக இல்லை. ஆனால் பார்சலில் ஒரு பெட்டி வருகிறது. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அழுத்துகிற மணிதான். பழைய லிஃப்டிலிருந்து கழற்றி, பேட்டரி போட்டு, நீளமாக ஒயர் வைத்திருக்கிறேன். பொத்தான் உங்கள் கையில் இருக்கட்டும், மணியை மொட்டை மாடிப் படியில் மாட்டச் சொல்லுங்கள். குரல் இல்லாமல் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று யோசித்தபோது தோன்றியது.

தண்ணீர் கொண்டுவரச் சொல்லவெல்லாம் அழுத்தாதீர்கள். தெரு மொத்தமும் ஓடிவரும்.

*

மே 11

மாப்பிள்ளை,

மணி தெரு மொத்தத்துக்கும் கேட்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை கேட்டது.

மதியம் இரண்டு மணி. வெயில் கொளுத்துகிறது. துளைக்கு முன்னால் ஈரத் துணி தொங்கவிட வேண்டும், காற்று ஈரமாக உள்ளே போவதற்கு. அது காய்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. நாற்காலியில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. இருமினேன், அசையவில்லை. அடுத்த மூச்சு அதிலும் பாதி. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அழுத்தினேன்.

எப்படி இறங்கி வந்தாள் என்று தெரியாது. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "என்னையே பாருங்க. பயப்படாதீங்க. இப்ப கழட்டறேன்" என்றாள். கழற்றினாள். குழாய்க்குள் பட்டாணி அளவுக்குக் காய்ந்த சளி. அதற்கும் கீழே துளைக்குள் இன்னொரு துண்டு இருந்தது. உப்புத் தண்ணீரை நாலு சொட்டு விட்டு, "இருமுங்க" என்றாள். வரவில்லை. இன்னும் நாலு சொட்டு. "இன்னும் பலமா. யார் மேலயாவது கோபம் வந்தா கத்துவீங்கல்ல, அந்த மாதிரி" என்றாள். வந்தது. அவள் நெற்றியில் போய் ஒட்டியது. துடைக்கக்கூட இல்லை, முதலில் என் மூச்சைக் காது வைத்துக் கேட்டாள்.

பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார் எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, புதுக் குழாயை மாட்டி, நாடாவைக் கட்டி, அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்து நடுங்கினாள். முழுக்க நடுங்கினாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். எழுதுவதற்குப் பலகை அருகில் இல்லை.

*

ஜூன் 22

மாப்பிள்ளை,

இன்று உன்னிடம் மறுபடியும் ஒன்று கேட்கப்போகிறேன். மார்ச்சில் கேட்டதும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான்: வா. காரணம் நேர்மாறு. அன்று அவளால் முடியாது என்று உன்னைக் கூப்பிட்டேன். இன்று அவள் ஒருத்தியால்தான் முடியும் என்று ஆகிவிட்டதால் கூப்பிடுகிறேன்.

மணி அடித்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருவதைத் தவிர. கடைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் போகிறாள். குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறாள். படுத்தால் என் பக்கமாகவே திரும்பிப் படுத்து, ஒரு கையை என் நெஞ்சில் வைத்திருக்கிறாள். நான் அசைந்தால் எழுந்துவிடுகிறாள். முந்தாநாள் அடுப்படியில் நின்றபடியே தூங்கிவிட்டாள். முன்னங்கையில் சூடு பட்டிருக்கிறது. என்னிடம் காட்டவில்லை. குழாயை மாட்டும்போது நான் பார்த்தேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லா இருக்கீங்க. இவங்க நல்லா இல்ல" என்றார். இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டார். நான் பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அவளுடைய பழைய சிநேகிதி நாலு நாள் வந்து தங்கச் சொல்லி இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறாள். உன் அக்கா "இவரை யார் பாக்கறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.

உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. வார்டில் சிஸ்டர் முதலில் என்னைத்தான் கற்றுக்கொள்ளச் சொன்னார். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நான் அந்த ஓட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்று வரை பார்க்கவில்லை. ஷேவ் செய்வதுகூட அவள்தான். கை நடுங்கியது அவளுக்கு. பயந்தது நான்.

பஸ் விஷயம். அபராதம் போட்டது சரி. யாராக இருந்தாலும் போட்டிருப்பேன். உன் பெயரைக் கேட்டது தப்பு.

அத்தான்

*

ஜூன் 28

அத்தான்,

ஜூலை 5 காலையில் வருகிறேன். 9ஆம் தேதி காலை வண்டிக்குத் திரும்ப வேண்டும். லீவு கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். ஏழு வருஷமாக நான் லீவே எடுக்கவில்லையாம்.

அக்காவிடம் நான் போனில் சொல்லிவிட்டேன். "நீ ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழறவன், நீ பாத்துப்பியா?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்வேன் என்றேன். நான் என்ன திட்டத்தோடு வருகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

சுவரில் ஆணி அடிக்க ஒரு நல்ல இடம் பார்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாக.

*

ஜூலை 9

மாப்பிள்ளை,

நீ காலை வண்டியைப் பிடித்தாய். உன் அக்கா மதியம் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தாள். நீ ஊர் போய்ச் சேருவதற்குள் இந்தக் கடிதம் தபாலில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு புகார். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவன், அவள் பஸ் ஏறின அடுத்த நிமிஷம் ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியை மாட்டி, தட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவனுக்குக் கதவை உள்ளேருந்தும் திறக்கத் தெரியணும் அத்தான்" என்றாய். குரல் இருந்திருந்தால் அன்று தெரு மொத்தமும் என்னைக் கேட்டிருக்கும். கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போகிறது. முதல் நாள் ஒன்பது தடவை தவறினேன். நீ சோற்றைக்கூட அதற்குப் பிறகுதான் போட்டாய். நீ முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் கண்ணாடியில் பார்த்தேன். இருந்தும் நீ வெளியே போகவில்லை.

அவள் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கழுத்தைப் பார்த்தாள். துளையைச் சுற்றித் தோலைப் பார்த்தாள். ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "பரவால்லையே, தம்பி நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றாள்.

இரண்டு மணிக்குக் கை கழுவிவிட்டுத் தட்டோடு வந்தாள். தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். நாடாவை அவிழ்த்தேன், கழற்றினேன், பிரஷ் விட்டுக் கழுவினேன், உதறினேன், மூச்சை இழுத்து மாட்டினேன், கட்டினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கை இரண்டும் மடியில் கிடந்தன. இடையில் ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்து, பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

முடித்ததும் வந்து நாடாவுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு" என்று அவிழ்த்து, இறுக்கிக் கட்டினாள். "எப்பலேருந்து?" என்று கேட்டாள். 'நாலு நாளாக' என்று எழுதினேன். "சொல்லவே இல்ல" என்றாள். சொல்வதற்கு வாய் இல்லை என்று எழுதலாமா என்று நினைத்தேன், எழுதவில்லை.

சிநேகிதி வீட்டில் முதல் நாள் முழுக்கத் தூக்கம் வராமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டாளாம். "கொஞ்ச நேரம் படுக்கறேன்" என்று உள் அறைக்குப் போனாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் மணிப் பொத்தானைத் தூக்கிக் காட்டி, 'போ' என்று கையசைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றரைக்குப் படுத்தாள். இப்போது மணி ஐந்தே முக்கால். கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கிறது. நல்ல பலமான குறட்டை. கல்யாணம் ஆன நாளாக இவள் குறட்டை விடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் விட்ட குறட்டையில் கேட்டிருக்காது.

அன்புடன்,
அத்தான்